ஏழு வீட்டில் செங்கல் நிறம்

1

போன சனிக்கிழமை மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரியின் வண்டி எங்கள் சந்து முனையில் நின்று ஒரு மரப்பெட்டியை இறக்கிவிட்டுப் போனது. பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் காலி பாட்டில்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து இரண்டாவது சுற்று. பெட்டியைக் கண்டதும் குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள்:

"ஏ ரேடியோ அண்ணாச்சி, இந்த வருஷம் எந்த வீட்ல போயி ரொப்பப் போறீய?"

என் பெயர் ஆறுமுகம். தாராவியில் அந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி நான் ரேடியோ. ஒரு முறை திருகிவிட்டால் கரண்ட் போனால்தான் நிற்பேன் என்பது சந்தின் கணிப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன். பதினெட்டு வயதில் இங்கே வந்து தோல் கிடங்கில் சேர்ந்தேன். வடை கட்டிவந்த காகிதம் முதல் பஸ்ஸில் பக்கத்து ஆள் விரித்த பேப்பர் வரை கையில் அகப்பட்டதையெல்லாம் படித்துத்தான் இந்தி, மராத்தி, இங்கிலீஷ் மூன்றையும் அரைகுறையாகத் தேற்றினேன். மூன்று மொழியிலும் தப்பாகப் பேசுவேன், ஆனால் நிறுத்தாமல் பேசுவேன்.

இதை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுத ஒரு காரணம் உண்டு. போன வருஷம் நான் போட்ட கடிதத்தை டீக்கடையில் சத்தமாகப் படித்தார்கள் என்று கேள்வி. அதைக் கேட்டு, நான் பம்பாயில் டாக்டருக்கு அடுத்த ஆளாக இருக்கிறேன் என்றும், எங்கள் சந்தில் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு நடந்துவிட்டது என்றும் நம்புகிறீர்களாம். அந்தக் கடிதத்தில் பாதி தப்பு. மீதிப் பாதி நான் சேர்த்தது. நடந்ததை இப்போது எழுதுகிறேன். இதையும் டீக்கடையில் படியுங்கள்.

டாக்டர் ஜோஷி என்று ஒருவர். செம்பூரில் வீடு, பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் ஊரிலேயே இருப்பவர்களுக்கு அதிகமா, ஊரை விட்டுப் பட்டணம் வந்தவர்களுக்கு அதிகமா என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குத் தமிழும் இந்தியும் பேசுகிற ஆள் வேண்டும் என்று எங்கள் கிடங்கு முதலாளியிடம் வந்து கேட்டார். முதலாளி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இவனைக் கூட்டிட்டுப் போங்க டாக்டர் சாப். இவன் போனா என் கிடங்குல வேலை நடக்கும்" என்றார். அப்படித்தான் நான் ஃபீல்டு அசிஸ்டென்ட் ஆனேன். அந்தப் பதவிக்கென்று மாட்டுங்காவில் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினேன். பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதும்.

டாக்டரின் பாரத்தில் கேள்விகள் வரிசையாக இருக்கும். பெயர், வயது, தொழில், என்ன சாப்பிடுகிறீர், எவ்வளவு நடக்கிறீர். நடுவில் ஒன்று: நகரமா, கிராமமா? எங்கள் சந்தில் இருபது வருஷம், முப்பது வருஷம் இருக்கிறவர்கள் எல்லாரும் பளிச்சென்று "கிராமம்" என்றார்கள். ஒரு பெரியவரிடம், "அண்ணாச்சி, நீங்க ஊருக்குப் போயி பத்து வருஷமாச்சே" என்றேன். "இங்க வேலைக்கு வந்திருக்கேன்டே. குடி வந்தேன்னு எப்பச் சொன்னேன்?" என்று கோபித்துக்கொண்டார். நான் கிராமம் என்று எழுதுவேன், டாக்டர் அடித்து நகரம் என்று எழுதுவார். இருவருமாக நிறைய மை செலவழித்தோம்.

2

முதலில் கிராமம். டாக்டரையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு நம் ஊருக்கே வந்தேனே, அது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் சிரித்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பேச்சுக்குப் பேச்சு "அச்சா, அச்சா" என்றேனாம். நான் பெட்டியோடு தெருவில் இறங்கினால் சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே "அச்சா வாரான், அச்சா வாரான்" என்று வரும். சொந்தத் தாய்மாமன், டாக்டருக்கு முன்னால் வைத்தே கேட்டார்:

"ஏல ஆறுமுகம், ஒண்ணுக்கு இருக்கதைப் புடிக்கதுக்கா ஒனக்குப் பம்பாயில சம்பளம் குடுக்கான்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "மாமா நம்மை வரவேற்கிறார்" என்று இந்தியில் சொன்னேன்.

சோதனை இவ்வளவுதான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஆளுக்கு ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துக் கொடுக்க வேண்டும். டாக்டர் அதில் எட்டுச் சொட்டை ஒரு நீல மருந்தில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். பிறகு மஞ்சள், ஆரஞ்சு. செங்கல் நிறத்துக்கு வந்தால் உடம்பு முழுக்கச் சர்க்கரை.

நம் ஊர்ப் பெண்கள் வெகு சுறுசுறுப்பு. பாட்டிலை வாங்கிக்கொண்டு உடைமரக் காட்டுப் பக்கம் போவார்கள். நான் பேனாவைத் திறந்து பெயரை எழுதி மூடுவதற்குள் திரும்பி வந்துவிடுவார்கள். "பெண்கள் ஒத்துழைப்பு மிக நன்று" என்று நோட்டில் எழுதினேன். அது என் பேச்சுத் திறமையால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். உடைமரங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

காய்ச்சியதெல்லாம் அனேகமாக நீலம்.

3

அடுத்தது தாராவி. எங்கள் சந்திலிருந்தே ஆரம்பிக்கலாம், முதலில் ஏழு வீடு போதும் என்று டாக்டர் சொன்னார். சொந்த மைதானம் அல்லவா, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு குழாயடியில் நின்று பிரசங்கம் செய்தேன். முதல் நாள் ஆண்கள். அது முடிந்தது. இரண்டாம் நாள் பெண்கள். "தாய்மார்கள் தங்கள் சிறுநீரை" என்று ஆரம்பித்தேன். ஒருவரும் அசையவில்லை. எங்கள் வீட்டு வாசலிலிருந்து என் மனைவி பேச்சியம்மாள் குரல் கொடுத்தாள்:

"நியூஸ் வாசிக்காதீய. ஒண்ணுக்குன்னு சொல்லுங்க."

பன்னிரண்டு வயதாகும் என் மகள் வள்ளி தலையில் அடித்துக்கொண்டு, "பப்பா, பஸ் கரோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் என்னை நிறுத்தச் சொல்ல எந்த மொழியும் அவளுக்குப் போதும்.

பத்து மணிக்குச் சாப்பாடு, பன்னிரண்டு மணிக்குப் பாட்டில் என்று சொல்லிவிட்டு, சந்தின் கோடியில் பாத்திமுத்து மைனி வீட்டு வாசலில் உட்கார்ந்தேன்.

மைனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் நம் தாலுகாதான். புருஷன் காசிம் அண்ணாச்சி அம்பர்நாத்தில் ஃபாக்டரி வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். மைனி வீட்டிலேயே மிஷின் போட்டு, ஒரு பட்டறைக்காரனுக்குத் தோல் பைகளின் உள்துணி தைத்துக் கொடுக்கிறாள். சந்தில் யாருக்குக் காப்பித்தூள் தீர்ந்தாலும், சீமெண்ணெய் தீர்ந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து தீர்ந்தாலும் கோடி வீட்டுக்குத்தான் போவார்கள். இல்லை என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொரு விசேஷம், எங்கள் சந்திலேயே அவள் வீட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு ஆள் உட்காரும் இடத்துக்குச் சாக்குப் படுதா கட்டிய மறைப்பு உண்டு. அப்படியே சாக்கடைக்குப் போய்விடும்.

பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் ஒவ்வொருவராகப் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனார்கள். மறைப்பு இருக்கிறது, அதனால் போகிறார்கள் என்று நினைத்தேன். அதுவரை நான் நினைத்தது சரி.

வெகுநேரம் உள்ளே ஒரே குசுகுசு. இரண்டு முறை சிரிப்பு. எனக்கு வெளியே டீ வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டீ வந்தது. மைனி வாசலுக்கு வந்து, "கொழுந்தனாரே, மெதுவாத்தான் ஆவும். அவசரப்பட்டா மாடுகூட பால் குடுக்காது" என்றாள். ஆஹா, எப்படிப் பேசுகிறாள் என்று அதை நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். நல்ல பேச்சைக் கேட்டால் எழுதி வைக்கிற வியாதி எனக்கு உண்டு. எழுதும்போது கண் வேறு எதையும் பார்க்காது.

மூன்று மணிக்கு ஏழு வீட்டுப் பாட்டில்களும் ஒரு தட்டில் வைத்து வந்தன. எங்கள் வீட்டுப் பாட்டில் அதில் ஒன்று, மைனியின் பாட்டில் ஒன்று. ஏழும் ஒரே அளவு நிரம்பியிருந்தன. துடைத்துச் சுத்தமாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஆரஞ்சு நிறத் துணித் துண்டு மூடி, நூலால் கட்டியிருந்தது. மைனி அந்த வாரம் தைத்துக்கொண்டிருந்த உள்துணியின் அதே ஆரஞ்சு.

"பெண்கள் ஒத்துழைப்பு மிக நன்று. சுத்தம் பாராட்டத்தக்கது" என்று எழுதினேன்.

4

மறுநாள் ஆஸ்பத்திரி அறையில் டாக்டர் காய்ச்சினார். முதல் குழாய் செங்கல் நிறம். "அரே" என்றார். இரண்டாவது செங்கல். மூன்றாவது செங்கல். ஐந்தாவதுக்கு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஏழையும் வரிசையாக ஜன்னலோரம் நிறுத்திவிட்டு, "க்யா பாத் ஹை, ஆறுமுகம்! ஒரே சந்து! ஏழு வீடு!" என்று என் தோளில் தட்டினார். தன் மேலதிகாரிகளுக்கு அன்றைக்கே எழுதினார். அடுத்த புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை பெரிய டாக்டர்கள் எங்கள் சந்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஏழு பெண்களையும் அன்றைக்கு ரத்தச் சோதனைக்குத் தயாராக வைத்திருப்பது என் பொறுப்பு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இல்லாத ஒன்று எங்கள் சந்தில் இருக்கிறது! காரணத்தை டாக்டர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் கண்டுபிடித்துவிட்டேன். சாக்கடைக் காற்று, குழாய்த் தண்ணீர், ரேஷன் அரிசி, மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று அரைமணி நேரம் விளக்கினேன். நல்ல மனுஷன், பாவம், அதையும் குறித்துக்கொண்டார். அன்று சாயங்காலம்தான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

எழுதி முடித்து ஒட்டும்போதுதான் உறைத்தது. ஏழில் ஒன்று என் வீடு. பேச்சியம்மாளுக்குச் சர்க்கரை வியாதி.

அடுத்த நாள் முதல் என் வைத்தியம் தொடங்கியது. வீட்டிலிருந்த சர்க்கரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். சோற்றைப் பாதியாக்கினேன். பாகற்காய் வாங்கிவந்து நானே அம்மியில் அரைத்துப் பிழிந்து காலையில் ஒரு டம்ளர் நீட்டுவேன். அவள் டம்ளரைப் பார்ப்பாள். என்னைப் பார்ப்பாள். எதையோ சொல்ல வாயைத் திறப்பாள். "பேசாதே, உடம்பு பலவீனம்" என்பேன். குடித்துவிடுவாள். ஐந்து நாள், ஐந்து டம்ளர். அவள் அழாமல் குடிப்பதைப் பார்த்து நான்தான் கண் கலங்கினேன்.

மற்ற ஐந்து வீட்டுப் புருஷன்மாருக்கும் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். அந்த வீடுகளிலும் பாகற்காய். மைனி வீட்டில் மட்டும் அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைதானே வருவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தில் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்த நாள். காலையிலேயே எல்லாரும் கூடியிருந்தோம். தட்டில் லட்டு வந்தது. பேச்சியம்மாள் ஒன்றை எடுத்தாள். அது வாய்க்குப் போகும் வழியில் நான் பிடுங்கிவிட்டேன். எல்லாரும் பார்க்க, சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன்.

அவள் எழுந்து நின்றாள்.

"அந்த லட்டைக் குடுங்க."

"பேச்சி, ஒன் நன்மைக்குத்தான்..."

"குடுங்கன்னு சொல்லுதேன். அது என் மூத்திரமே இல்ல!"

பம்பாயில் இருபது வருஷத்தில் எங்கள் சந்து அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. குழந்தை மட்டும் கை தட்டியது.

லட்டை வாயில் போட்டுக்கொண்டே அவள் சொன்னது இதுதான். எங்கள் சந்துப் பெண்களுக்குப் பொதுக் கக்கூஸ்தான். விடிவதற்கு முன் ஒரு முறை போவார்கள், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு முறை போவார்கள். நடுவில் கிடையாது. பகல் வெளிச்சத்தில் ஆண்கள் நிற்கிற வழியாகப் போக முடியாது. அதனால் பகலில் தண்ணீரும் குடிப்பதில்லை. வருஷக்கணக்கான பழக்கம். அன்று பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொருத்தியும் மைனி வீட்டு மறைப்பில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். வரவில்லை. வெளியே ரேடியோ உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தால் வருகிறதும் வராது. கடைசியில் மைனிதான், "பாட்டிலைக் கொண்டாங்கடி. காப்பித்தூள் தாரேன், எண்ணெய் தாரேன், இதைத் தர மாட்டேனா? எனக்கு அரைமணிக்கு ஒருக்கா வருது" என்றாளாம்.

ஏழு பாட்டிலும் மைனியினுடையது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"எங்க சொல்ல விட்டீய? வாயைத் தொறந்தா பாவக்காயை ஊத்துதீய. அதோட, வெளிய சொல்லக் கூடாதுன்னு ஆறு பேரும் மைனி கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கோம்."

பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஐந்து புருஷன்மார் என்னைப் பார்த்த பார்வையில் பாகற்காயின் விலை முழுவதும் இருந்தது. நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்போது எதிரே பாயில் உட்கார்ந்திருந்த மைனி கண்ணில் பட்டாள். வலது காலை நீட்டி வைத்திருந்தாள். பெருவிரலில் ஆரஞ்சுத் துணி சுற்றியிருந்தது.

ஆறு பாட்டில் பொய் என்றால், ஒரு பாட்டில் நிஜம்.

"மைனி, காலுல என்ன?"

"மிஷினு மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சது. ஒரு மாசமாச்சு, ஆற மாட்டேங்குது. வலிகூட இல்ல, விடுங்க."

அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தாள். பிறந்த நாள் வீட்டில் அதைப் பார்த்திருக்க வேண்டாம்.

6

உடனே பஸ் பிடித்து செம்பூருக்குப் போனேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் கண்டக்டரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஆவோ ஆறுமுகம், புதன்கிழமைக்கு எல்லாம் ரெடியா?" என்றார்.

சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். ஆரஞ்சுத் துணியையும், ஒரே அளவையும், நான் குடித்த டீயையும், பாராட்டத்தக்கது என்று எழுதியதையும், கடைசியில் மைனியின் விரலையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஃபீல்டு அசிஸ்டென்ட் வேலை போயிற்று என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மனுஷன் மேலிடத்துக்கு எழுதிவிட்டாரே, அவர் மானமும் போயிற்று.

அவர் பேப்பரைத் தாழ்த்தினார். பிறகு கேட்டார்: "உன் சந்துப் பெண்கள் எத்தனை மணிக்குக் கக்கூஸ் போவார்கள்?"

"விடிவதற்கு முன்னால். அப்புறம் விளக்கு வைக்கிற நேரம்."

"இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும், சாப். என் சம்சாரம் பகலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. தெரிந்துதான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பாட்டில் என்று நீங்கள் சொன்னபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை."

"என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு நடக்கிறாய் என்று எல்லாம் கேட்டேன்" என்றார். "இதை நான் பாரத்தில் கேட்கவே இல்லை, பார்." கொஞ்ச நேரம் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த விரல் என்ன நிறம்?"

"கறுப்பு, சாப்."

எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

7

மைனி மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி கட்டிலில். ஆறு பெண்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் குனிந்து காலைப் பார்த்தார், கிள்ளினார், எதையோ வைத்துக் குத்தினார். மைனிக்கு எதுவும் தெரியவில்லை. நான் விஷயத்தைத் தமிழில் சொன்னேன்.

"ஏழு பாட்டில்லயும் சர்க்கரை, மைனி. ஏழும் உங்களுது."

"அப்ப எனக்கு ஏழு பங்கு சர்க்கரையா?"

"ஒரு பங்குதான். ஆனா பெரிய பங்கு."

வாசலில் யாரோ சிரித்தார்கள். மைனியும் சிரித்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், சில வாரம் கால் தரையில் படக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"முடியாது. சனிக்கிழமைக்குள்ள இம்புட்டுத் துணியும் தச்சுக் குடுக்கணும். குடுக்காட்டா பட்டறைக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துருவான். அவன்ட்ட எடம் புடிக்க நான் மூணு வருஷம் நடந்திருக்கேன். காலு ஆறிரும். டாக்டரை டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

அண்ணாச்சி, "ஏட்டி, சொன்னாக் கேளு" என்றார். அவர் சொல்லி அவள் எதையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

வராவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னார். நான் மொழிபெயர்த்ததிலேயே ஆகச் சின்ன மொழிபெயர்ப்பு அதுதான்: "காலு போயிரும், மைனி. அதுக்கப்புறம் என்ன போகும்னு அவரு சொல்லல. நானும் கேக்கல."

மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் அப்படியே இருந்தாள். பேச்சியம்மாள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மைனி, ஒங்கட்ட கைமாத்தா வாங்கின காப்பித்தூளைத் திருப்பித் தந்திருக்கேன். எண்ணெயத் திருப்பித் தந்திருக்கேன். இதை எப்படித் திருப்ப? பாட்டில்லயா தர முடியும்? நாங்க ஆறு பேரும் முறை வச்சு மிஷினை மிதிக்கோம். நீங்க போங்க."

மைனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒனக்கு ஊசியில நூலு கோக்கத் தெரியுமாட்டி?"

"தெரியாது."

"வெளங்கும்" என்று சொல்லிவிட்டு, மைனி அண்ணாச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த மாதம் பம்பாயில் தோல் பை வாங்கியவர்கள் யாராவது உள்ளே கையை விட்டுப் பார்த்து, தையல் கோணலாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டிருந்தால், அது என் மனைவி தைத்தது. பட்டறைக்காரன் இரண்டு முறை வந்து கத்தினான். ஆறு பெண்களும் சேர்ந்து திருப்பிக் கத்தினார்கள். மூன்றாம் முறை அவன் வரவில்லை. வேலையும் வேறு ஆளுக்குப் போகவில்லை.

மைனியின் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது.

பாட்டில் செங்கல் நிறமாக மாறிய அன்றே நான் கடிதம் எழுத உட்காராமல் கோடி வீட்டுக்குப் போயிருந்தால் விரலும் தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு என்னை எடுக்கவும் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மைனியைப் பார்க்க வார்டுக்குள் போனால், என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. "ஏன் இழவு வீட்டுக்கு வந்தவரு மாதிரி நிக்கீய? ரேடியோ வச்சிருந்தா வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணும்லா? சந்துக்கு ஒரு ரேடியோ இருக்கு. நான் ஒரு விரலைக் கட்டிட்டேன். போயி நல்லாப் பாடுங்க" என்றாள்.

அதை நோட்டில் குறிக்கவில்லை. குறிக்காமலே ஞாபகம் இருக்கிறது.

8

இப்போது இரண்டாவது சுற்று. டாக்டரின் பாரத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: கக்கூஸ் எங்கே, எந்த நேரம். பாட்டில் நேரமும் மாறிவிட்டது. ஐந்து மணிக்குச் சாப்பாடு, விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்கள் வரிசையில் நிற்கும்போது பாட்டில். கொடுக்கிறதும் வாங்குகிறதும் பேச்சியம்மாள். நான் நூறு அடி தள்ளி நிற்க வேண்டும், தொண்டையைச் செருமக் கூடாது என்று நிபந்தனை.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மைனியினுடையது இந்த முறை பச்சை. மருந்தும் ஊசியும் பலித்திருக்கின்றன. மற்றவர்கள் அனேகமாக நீலம். ஒன்று மட்டும் மஞ்சள். அது யாருடையது என்று அந்த வீட்டுக்கு மட்டும் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன். உங்களுக்கும் சொல்ல மாட்டேன். ரேடியோவை அணைக்கவும் ஒரு திருகு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் நூறு அடி தூரத்திலிருந்து பார்த்தேன். பெண்கள் வரிசை நீளமாக நின்றது. மைனி செருப்பை இழுத்துக்கொண்டு மெதுவாக வந்தாள். சாக்கடைத் தண்ணீர் காலில் படக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்கும் பொதுக் கக்கூஸ்தான். வரிசை தானாக நகர்ந்து அவளுக்கு முன்னால் இடம் விட்டது. ஒரு வருஷமாக இப்படித்தானாம். அந்த ஆறு வீட்டில் எந்த வீட்டுப் பெண் முன்னால் நிற்கிறாளோ, அவளுடைய இடம் மைனிக்கு. சர்க்கரைக்காரி, காத்திருக்க முடியாது. இதுவும் எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. அதே சந்தில்தான் நானும் இருக்கிறேன்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு மைனி திரும்பி உரக்கச் சொன்னாள்: "ஏட்டி, அவளவளுது அவளவளே குடுக்கணும். இந்த வருஷம் கடை அடைச்சாச்சு!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. அதோடு விட்டிருக்கலாம். சிரித்து ஓய்ந்ததும் பேச்சியம்மாள் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே என்னை நோக்கி வந்தாள். போன வருஷம் ஊரிலும் இங்கேயும் எல்லாரிடமும் வாங்கிய நான் என்னுடையதைக் கொடுக்கவில்லை என்பதைப் பெண்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பாரமும் பூர்த்தி செய்து தயாராக இருந்தது, வள்ளி எழுதியது. நகரமா, கிராமமா என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே நகரம் என்று போட்டிருந்தாள். அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதாத பேனா வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

பாட்டிலோடு ஆண்கள் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. உள்ளே போனேன். தகரக் கதவுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர்.

"ரேடியோ, என்ன சத்தத்தையே காணோம்?"

"ஒத்துழைப்பு மிக நன்றுன்னு எழுதிக்கிடலாமா?"

"பாவக்காய் வேணும்னா அரைச்சுத் தாரோம்டே!"

வரவில்லை. நின்று பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன், குழாயில் தண்ணீர் கொட்டுவதாக நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. வெளியே கதவை இடித்தார்கள். காலி பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எனக்கு அடுத்து நின்ற காசிம் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். யாரும் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார்.

"குடு தம்பி. எனக்கு வருது."

கையில் பாட்டிலை எடுத்துவிட்டேன், பொய் சொல்வானேன். பிறகு அதைத் திரும்பச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குழாயடிக்குப் போய் இரண்டு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, வரிசையின் கடைசியில் வந்து நின்றேன்.